டெபியனில் தமிழ்99: ஒன்பது மாலைகளும் ஒரு மிம் கோப்பும்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு 'விதத்தில்' என்ற சொல் லிப்ரேஆபிஸின் எழுதும் செயலியான ரைட்டரில் சரியாக விழுந்தது. பழைய மடிக்கணினியில் தமிழ் தட்டவைக்க ஒன்பது மாலை நேரங்களை விழுங்கிய வேலை இது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2012இல் வந்த மடிக்கணினி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இதில் கிடையாது. நல்ல விசைப்பலகை உள்ள பெட்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. லினக்ஸ் வகையான டெபியன் 13ஐ, எக்ஸ்எஃப்சிஈ என்ற எளிய மேசைச் சூழலோடு நிறுவினேன். வைஃபை வன்பொருளை இயக்கும் ஃபர்ம்வேர் டெபியன் 12இலிருந்தே நிறுவல் கோப்பிலேயே வருவதால் அதில் ஒரு சிக்கலும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, தமிழைத் தவிர.

இருபது ஆண்டுகளாகத் தமிழ்99 விசைமுறையில்தான் தட்டுகிறேன். விரல்களுக்கு வேறு எதுவும் தெரியாது. எக்ஸ்எஃப்சிஈயின் விசைப்பலகை அமைப்பைத் திறந்து, தமிழ் வரிசையில் தமிழ்நெட் '99 என்று இருந்ததைப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டேன். எழுத்துகள் வந்தன. ஆனால் 'அம்மா' வரவில்லை. இரண்டு மகரம் தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், விழவில்லை. 'பந்து'வில் நகரமும் தகரமும் ஒட்டாமல் தனித்தனியே நின்றன. தட்டச்சுத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

காரணம் புரிய மூன்று நாள் பிடித்தது. அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் எக்ஸ்கேபி எனப்படும் விசைப்பலகை வரைபடங்கள். இந்த விசையைத் தட்டினால் இந்த எழுத்து, அவ்வளவுதான். முன்னால் என்ன தட்டினோம் என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ்99இன் உயிரே அந்தத் திரும்பிப் பார்த்தலில்தான் இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்று பிரித்ததைவிட, புள்ளியைத் தானாக வைக்கும் விதிகளைத்தான் அதன் பெரிய சாதனை என்பேன். அது வேலை செய்ய விசைப்பலகை வரைபடம் போதாது, தட்டுவதைக் கவனித்து எழுத்தாக்கும் நிரல், அதாவது ஓர் உள்ளீட்டு முறை வேண்டும்.

சரி, உள்ளீட்டு முறைகளை இயக்கும் ஐபஸ், பல மொழி விசைமுறைகளை அதற்குத் தரும் எம்17என் பொதி இரண்டையும் நிறுவினேன். ஐபஸ் அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்தேன். டெர்மினலில் உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் ஐஎம்-கான்ஃபிக் கருவியை ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்தேன். இதன் பிறகு வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். ஜிடிகே, க்யூடி என்ற நிரல் தொகுப்புகளால் கட்டிய செயலிகளுக்கு எந்த உள்ளீட்டு முறை என்று சொல்லும் சூழல் மாறிகள் புதிதாக உள்நுழையும்போதுதான் அமைகின்றன. உள்ளே வந்து ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தேன். 'அம்மா' வந்தது! எக்ஸ்எஃப்சிஈயின் உரைத்திருத்தியான மவுஸ்பேடிலும் வந்தது. ரைட்டரில் மட்டும் கடைசி எழுத்து இரண்டு முறை விழுந்தது.

இங்கேதான் நான்கு மாலை போயின. ஐபஸை அழித்துத் திரும்ப நிறுவினேன், எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் காரணம் இதுதான்: இடம் மிச்சமாகட்டும் என்று ரைட்டரை மட்டும் தனியாக நிறுவியிருந்தேன். அதோடு ஜிடிகே3 இணைப்புப் பொதி வரவில்லை. அது இல்லாவிட்டால் லிப்ரேஆபிஸ், எக்ஸ் என்ற சாளர அமைப்பின் பழைய வழியில் உள்ளீட்டைப் பெறுகிறது. அந்த ஒரு பொதியைச் சேர்த்ததும் சரியாயிற்று. கூடவே ஒன்று: ரைட்டரின் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்தமைப்பை இயக்கி, தமிழுக்கான எழுத்துருவை அங்கே தனியாகக் கொடுங்கள். ஆங்கிலத்துக்குக் கொடுக்கும் எழுத்துரு தமிழுக்குச் செல்லாது.

அப்புறம் 'விதத்தில்'. மூன்று தகரத்தையும் வரிசையாகத் தட்டினால் முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'வித்ததில்' ஆகிவிடும். முதல் தகரத்துக்குப் பிறகு அகரம் ஒரு தட்டு தட்டிப் பிரிக்க வேண்டும். 'மதத்தை', 'பாதத்தில்' எல்லாவற்றுக்கும் இதே விதி. இது எனக்குப் பழகியதுதான். ஆனால் இந்த முறை அந்த விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன்.

எம்17என்னின் ஒவ்வொரு விசைமுறையும் ஒரு மிம் கோப்பு. சாதாரண உரைக்கோப்புதான், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக லிஸ்ப் மொழிபோல எழுதியிருக்கிறது. இந்த விசைக்கு இந்த எழுத்து, இதற்குப் பின் அது வந்தால் இப்படிச் சேர் என்று வரிவரியாகப் படிக்கலாம். இருபது வருடமாக என் விரல்கள் அறிந்த இலக்கணம் திரையில் விரிந்து கிடந்தது. அன்று ஒரு மணி நேரம் எதையும் மாற்றாமல் படித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக் கணக்கு எழுத எனக்கு ரூபாய்க் குறி வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல், என் இல்லக் கோப்புறையில் எம்17என்னுக்கான மறைவுக் கோப்புறையில் ஒரு நகலை வைத்து அதில் ஒரு வரி சேர்த்தேன். ஐபஸை மறுபடி தொடங்கினேன். விசைப்பலகை முழுதும் ஊமையாகிவிட்டது, பிழைச் செய்தியும் இல்லை. மூடும் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருந்தது. இதில் கை வைப்பவர்கள் மவுஸ்பேடில் ஜோடி அடைப்புக்குறியைக் காட்டும் வசதியை முதலில் இயக்கிவிடுங்கள். இப்போது ₹ என் விரல் நுனியில் வருகிறது.

மிச்சம் இருப்பது ஒன்று. கடைசி எழுத்து அடிக்கோட்டோடு காத்திருக்கும்போது சுட்டியால் வேறு இடத்தில் சொடுக்கினால் அது தொலைந்துவிடுகிறது. இப்போதைக்கு இடைவெளி தட்டிவிட்டுச் சொடுக்குகிறேன். ஐபஸுக்கு மாற்றான எஃப்சிஐடிஎக்ஸ்5இல் எப்படி என்று பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு சனிக்கிழமை, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் 240 ஜிபி எஸ்எஸ்டியும் பழைய 4 ஜிபி டிடிஆர்3 நினைவகமும் வாங்கிவந்தேன். டிடிஆர்3 தேடுபவர்கள் பெரிய கடைகளைவிட மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பழுதுபார்க்கும் கடைகளில் கேளுங்கள். போட்டுக்காட்டி, சோதித்துத் தருகிறார்கள்.

இப்போது மனம் முழுக்க அப்பாவின் குறுவட்டில்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அவர் தட்டிவைத்த கட்டுரைகள் அதில் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது. பைத்தானில் ஒரு மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்க வேண்டும். அந்த இடமாற்றம் சரியாகிவிட்டது, 'கோவை' ஒழுங்காக வருகிறது. ஔகாரம்தான் பாடுபடுத்துகிறது. அதன் பின்பாதிக்குப் பாமினியில் தனி விசை இல்லை, ளகரத்தையேதான் போட்டிருக்கிறார். 'பௌர்ணமி'யைச் சரிசெய்தால் 'வெள்ளி' 'வௌ்ளி' ஆகிவிடுகிறது. ளகரத்துக்கு அடுத்துப் புள்ளியோ துணைக்குறியோ இருந்தால் அதை ளகரமாகவே விடு என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டுரையை ஓட்டிப் பார்க்கிறேன்.