விற்கப்போகும் வீட்டைப் படமெடுத்த கதை

வீட்டை விற்பது என்று முடிவானதும் ஏஜென்ட் முதல் வேலையாகப் புகைப்படக்காரருக்கு நாள் குறித்தார். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் தெரிந்தவர் சொல்லி வீடு பார்க்க வருகிறவர்கள் குறைவு. போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போவார்கள். கண்ணில் நின்றால்தான் நேரில் வருவார்கள்.

முதலில் வீட்டைக் காலி செய்கிற மாதிரி ஒதுக்கச் சொன்னார். சமையல் மேடையில் பாத்திரம் கழுவும் சோப்புகூட இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பள்ளி அட்டவணை, வாசல் செருப்பு, எல்லாம் அலமாரிக்குள் போயின. குடும்பப் படங்களைக் கழற்றும்போதுதான் மனைவி முகம் சுளித்தாள். ஆனால் பிள்ளைகளின் முகம் முன்பின் தெரியாதவர் போனில் எதற்கு? மேசையில் கிடந்த கடிதங்களையும் மருந்துகளையும் அதற்காகவே எடுத்துவைத்தோம்.

புகைப்படக்காரர் வந்ததும் விளக்குகளை அணைத்தார். எல்லாவற்றையும் போட்டால்தானே பளிச்சென்று இருக்கும் என்று கேட்டேன். கேமராத் திரையில் காட்டினார்: விளக்கு எரிந்தபோது எடுத்த படத்தில் சுவரின் ஒரு பாதி மஞ்சள், ஜன்னல் பக்கம் நீலம். அணைத்தபின் சுவர் வெள்ளையாகவே இருந்தது. கேமராவை முக்காலியில் நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக எடுத்தார். பிறகு அவற்றை ஒன்றாக்கினால் அறையும் தெரியும், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரமும் தெரியும். கேமராவைச் சாய்க்கவே இல்லை. சாய்த்தால் சுவர் விழப்போவது போலத் தெரியுமாம். குளியலறையில், கண்ணாடியில் கேமரா விழாத மூலையாகத் தேடி நிறுத்திவிட்டு, தான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அது நல்ல வேடிக்கை.

சின்னப் படுக்கையறையில்தான் வாக்குவாதம். இன்னும் அகலமாகக் காட்டச் சொன்னார் ஏஜென்ட். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் படத்தை நம்பி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். படத்தில் பந்து விளையாடலாம் போலிருந்த ஹாலில் சோபாவைப் போட்டதும், ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலை இன்னொருவருக்குக் கொடுப்பானேன்? புகைப்படக்காரரும் என் பக்கம்தான். லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்; முழு ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் அது 16 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓரத்தில் இருக்கும் கட்டில் இழுத்த ரப்பர் போல நீளும் என்று சொல்லி, 20 மில்லிமீட்டரில் எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் போகும் மின்கம்பியை படத்தில் அழித்துவிடலாமா என்று ஏஜென்ட்டிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது. வானம் மங்கலாக இருந்தால் சரிசெய்யலாம், வாங்குபவர் தினமும் பார்க்கப்போகும் கம்பியை மறைப்பது ஏமாற்று. அதை அப்படியே விட்டோம்.

வாசல் படம் அன்று காலையில் முடியவில்லை. மேற்குப் பார்த்த வீடு, முகப்பு முழுக்க நிழல். மாலையில் திரும்பி வந்து, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், உள்ளே எல்லா விளக்குகளையும் போடச் சொல்லி எடுத்தார். அப்புறம் அதையே முதல் படமாக வைத்தோம். பார்க்க வந்தவர்களில் பலர் அந்தப் படத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். சின்ன அறையைப் பார்த்து யாரும் முகம் மாறவில்லை.