மிராமரில் இறங்குவதற்கு முன்

கோவாவில், பனாஜியின் மிராமர் கடற்கரையில் தொடங்கும் அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும்) போட்டிக்குப் பதிவு செய்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் 90 கிலோமீட்டர் சைக்கிளைப் பற்றியும் அதற்குப் பின் ஓட வேண்டிய 21.1 கிலோமீட்டரைப் பற்றியும்தான் வியக்கிறார்கள். முதலில் நீந்த வேண்டிய 1.9 கிலோமீட்டரை யாரும் பொருட்படுத்துவதில்லை. மொத்தம் 113 கிலோமீட்டரில் அது இரண்டு விழுக்காடுகூட இல்லை. ஆனால் முதல்முறையாகச் செல்லும் ஒருவரின் ஆயத்தத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது அந்த நீச்சல்தான். எடுத்துக்கொள்ள அனுமதிப்பதே நல்லது என்பது என் கருத்து.

காரணங்களில் ஒன்று உயிரைப் பற்றியது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் திரட்டி ஆராய்ந்த மருத்துவர்கள், 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை என்று கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். நான் பெண் என்றாலும் நாற்பதைத் தாண்டியவள், அப்பா வழியில் இதய நோயும் உண்டு. ஆகவே பயிற்சி அட்டவணையைத் தேடுவதற்கு முன்பாகவே இதய மருத்துவரைப் பார்த்து, இசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை ஆகிய மூன்றையும் முடித்துக்கொண்டேன். இதைச் செலவு என்று தள்ளிவிட்டு, அதைவிட அதிக விலையில் சைக்கிள் சக்கரம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம், குளத்தில் சேர்த்த திறமை கடலில் அப்படியே செல்லுபடியாவதில்லை என்பது. 25 மீட்டர் நீச்சல்குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 76 நீளம். ஒவ்வொரு நீளத்தின் முடிவிலும் ஒரு சுவர் இருக்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது சில மீட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அடியில் ஒரு கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. சென்னைக் கரையோரக் கடலில் முகத்தை நீருக்குள் வைத்தால், நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் தெரியாத நாட்களே அதிகம். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத அந்தக் கலங்கலில் மூச்சு தானாகவே மேலேறிக் குறுகிவிடுகிறது. காற்று போதவில்லை என்று அப்போது தோன்றினாலும், உண்மையில் உள்ளே இழுத்ததை முழுதாக வெளியே விடாததுதான் சிக்கல். முகம் நீருக்குள் இருக்கும்போதே குமிழி குமிழியாக மூச்சை விட்டு முடித்துவிட வேண்டும்; அதுவும் கூடிவராவிட்டால் மல்லாந்து படுத்துவிட வேண்டும். உப்பு நீர் உடலைத் தூக்கிப் பிடிப்பதால், கடலில் மல்லாந்து கிடப்பது குளத்தைவிட எளிது. வேகத்துக்கான பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, நடுக்கடலில் வேண்டுமென்றே நின்று, மல்லாந்து, மூச்சைச் சீராக்கி, மறுபடி கிளம்புவதையே திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து கோவாவுக்குச் செல்பவர்களுக்குப் பருவமழைதான் பெரிய கணக்கு. கோவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் அங்கு யாரும் கடலில் பழக முடியாது. நமக்கோ அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகுதான் கடல் கை கொடுக்காது. 2019 அக்டோபரில் முதன்முதலாக நடந்த இந்தப் போட்டி, அதன் பிறகும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே வருவதால், நாம் கோடையிலும் அதைத் தொடர்ந்த மாதங்களிலும் கடலில் பழகிவிட்டு, கடைசி வாரங்களில் குளத்துக்குத் திரும்பிவிட வேண்டியிருக்கிறது. மார்ச், ஏப்ரலில் விடியற்காலைக் கடல் சாதுவாக இருக்கும். பிறகு தெற்கிலிருந்து அலை வலுக்கும், கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கி இழுக்கும். அந்த மாதங்களில் நாங்கள் முதலில் தெற்கே, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திவிட்டு, களைத்த பிறகு வடக்கே திரும்புகிறோம். மாற்றிச் செய்தால் கடிகாரம் முதல் பாதியில் புகழும், இரண்டாம் பாதியில் கரை நகரவே நகராது.

தனியாக ஒருநாளும் இறங்குவதில்லை. நீலாங்கரைக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்திலிருந்து மீனவர் ஒருவர் தம் ஃபைபர் படகில் துணைக்கு வருகிறார். இடுப்பில் கட்டிய ஆரஞ்சு நிற மிதவையை இழுத்துக்கொண்டு நாங்கள் நீந்துகிறோம். கரையில் உடையும் அலைகளைத் தாண்டுவதுதான் எனக்கு நீச்சலைவிடக் கடினமாக இருந்தது. முதல் நாள் நான் நேராக நடந்து இறங்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். "பொறும்மா. பெரிசா மூணு நாலு அடிச்சிட்டு ஓயும் பாரு, அப்ப எறங்கு" என்றார். அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன என்பதும், இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஓர் ஓய்வு உண்டு என்பதும் எந்தப் பயிற்சி நூலிலிருந்தும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. அந்த ஓய்வில் இடுப்பளவு நீர் வரை ஓடி, அடுத்த அலை எழும்பி வரும்போது அதன் அடியில் மூழ்கி, விரல்களால் தரைமணலைப் பற்றிக்கொண்டால், இரைச்சல் முதுகுக்கு மேலே கடந்துபோகிறது. அலையை எதிர்த்து நிற்பவர்களைத்தான் அது புரட்டிப் போடுகிறது. கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் இழுவை நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும் என்பதையும் அவர் படகிலிருந்தபடியே செய்து பார்க்க வைத்தார்.

திசை பார்ப்பது அடுத்த பாடம். எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை, முதலை போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, பாதையைக் காட்டும் மிதவை எங்கே என்று பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். தலையை முழுதும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் செத்துவிடும். கரை திரும்பும்போது மணலில் நிற்கும் படகுகளையோ ஆட்களையோ குறியாக வைப்பதில் பயனில்லை, அலை மட்டத்திலிருந்து அவை தெரியவே தெரியாது. அவற்றுக்குப் பின்னால் உயரமாக நிற்கும் ஏதாவது ஒன்று, ஒரு செல்போன் கோபுரமோ அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியோ வேண்டும். இதில் சென்னைக்கும் கோவாவுக்கும் ஒரு தலைகீழ் வேறுபாடும் இருக்கிறது. இங்கே காலையில் கடலுக்குள் செல்லும்போது சூரியன் நேர் எதிரே கூசும், திரும்பும்போது முதுகுப் பக்கம் இருக்கும். மேற்கு நோக்கிய கடற்கரையான மிராமரில் போகும்போது வெளிச்சம் பின்னாலிருந்து உதவும். களைத்துத் திரும்பும்போதுதான் தாழ்ந்த சூரியன் கண்ணில் அடிக்கும். அதனால் இருண்ட கண்ணாடி கொண்ட நீச்சல் கண்ணாடிக்கு மாறிவிட்டேன்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. அவை குளிர்ந்த நீரையும், அதற்காக அணியும் ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீரின் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டினால் பொதுவாகப் போட்டியாளர்களுக்கு வெட்சூட் அனுமதி இல்லை. அக்டோபரில் அரபிக் கடல் அதைவிட நன்றாகவே வெதுவெதுப்பானது. ஆகவே அந்த ரப்பர் உடை தரும் மிதப்பு நமக்குக் கிடையாது, குளிர் அதிர்ச்சியும் கிடையாது. நமக்கு உள்ளவை உப்பு உராய்ந்து கழுத்திலும் அக்குளிலும் விழும் காயம் (வாசலினைத் தாராளமாகப் பூச வேண்டும்), சொறிமீன் தீண்டினால் வரும் எரிச்சல் (தேய்க்கவே கூடாது), எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையேறிய பிறகு காத்திருக்கும் புழுக்கம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஓடப் போகும் முன்பும் வந்த பின்பும் எடை பார்த்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் இழக்கிறேன் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால், சைக்கிள் புட்டியில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான். சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது என் இலக்கு. பேரீச்சம்பழம் ஒத்துக்கொள்கிறது, கடலைமிட்டாய் சைக்கிளில் மெல்ல முடியவில்லை.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆர் சமதளமானது, கோவாவில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. அதற்காகத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிக்குப் போய்வந்தேன். இறங்கியவுடன் ஓடிப் பழகுவதும் நடக்கிறது, முதல் இரண்டு கிலோமீட்டருக்குக் கால்கள் என்னுடையவை அல்ல என்றே தோன்றுகிறது. விதிகளில் மறக்கக் கூடாதவை: சைக்கிளைத் தொடும் முன் தலைக்கவசத்தின் வார் பூட்டப்பட்டிருக்க வேண்டும், முன்னால் செல்பவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும், கடலில் களைத்தால் உதவிப் படகைப் பிடித்து இளைப்பாறலாம், அதன் துணையால் முன்னேறாத வரை தகுதி நீக்கம் கிடையாது. இந்தக் கடைசி விதி எனக்குத் தந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

காலக்கெடு நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், தொடக்கத்திலிருந்து சைக்கிள் முடிய 5 மணி 30 நிமிடம், மொத்தமாக 8 மணி 30 நிமிடம். நீச்சலுக்கு ஒரு மணி நேரம், உடை மாற்றிச் சைக்கிளை எடுக்க 10 நிமிடம், மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் 90 கிலோமீட்டருக்கு 4 மணி 5 நிமிடம் என்று வைத்தால் 5 மணி 15 நிமிடம் ஆகிறது. கையில் மிஞ்சுவது 15 நிமிடம். பின் சக்கரத்தின் டியூபை மாற்றிக் காற்றடிக்க எனக்கு 12 நிமிடம் பிடிக்கிறது. ஆக, ஒரு பஞ்சர் தாங்கும், இரண்டு தாங்காது. அதனால் இரண்டு டயர்களையும் சென்ற வாரமே புதிதாக மாற்றிவிட்டேன்.