போராட்டப் படம்: எடுத்துப் பார்த்ததில் தேறியதும் தேறாததும்

ஊர்வலத்துக்குக் கேமராவோடு போகிறவர்கள் முதலில் எடுப்பது ஒரே படத்தைத்தான்: தலை, தலை, தலை, நடுவே நாலு பதாகை. எடுக்கும்போது பிரமாண்டமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் கண் எங்கேயும் நிற்காது. லென்ஸை மாற்றி, நிற்கும் இடத்தை மாற்றி, நேரத்தை மாற்றி எடுத்துப் பார்த்த படங்களில் கழித்தது போக மிஞ்சியவற்றில் பெரும்பாலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. ஃபிரேமுக்குள் எங்கோ ஓர் இடைவெளி. ஒரு ஆளுக்கும் தடுப்புக்கும் நடுவே, ஒரு கைக்கும் கேடயத்துக்கும் நடுவே, கொஞ்சம் வெறும் தரை.

பேர்போன படங்களை எடுத்து வைத்துப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 1967 அக்டோபர் 21 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் வாசலில், வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் மார்க் ரிபூ எடுத்த படத்தில் துப்பாக்கி முனைக் கத்திகளுக்கும் அந்தப் பெண் கையில் இருக்கும் பூவுக்கும் நடுவே இருக்கும் சிறு தூரத்தில்தான் படமே இருக்கிறது. பின்னால் எத்தனை ஆயிரம் பேர் என்பது யாருக்கும் நினைவில்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் ஜோனதன் பாக்மன் எடுத்ததும் அப்படியே: கவச உடையில் பாய்ந்து வரும் இரண்டு போலீஸ்காரர்கள், அசையாமல் நிற்கும் ஒரு பெண், சுற்றிலும் காலியான சாலை.

இடைவெளி எங்கே கிடைக்கும்? கூட்டத்தின் நடுவில் கிடைக்கவே கிடைக்காது. முன்வரிசைக்கு முன்னால், போலீஸ் வரிசைக்கும் முதல் வரிசைக்கும் இடைப்பட்ட பகுதியில், ஊர்வலம் திரும்பும் முனைகளில், ஊர்வலம் நின்று மறுபடி கிளம்பும் அந்த அரை நிமிடத்தில் கிடைக்கும். கூட்டம் கலையும் நேரத்தை விட்டுவிட வேண்டாம். பாதிப் பேர் கேமராவை மூடிவிட்டுப் போன பிறகுதான் தனி ஆட்கள் தெரிய ஆரம்பிப்பார்கள்.

முன்வரிசைக்கு எதிரே பின்னால் நடந்துகொண்டே எடுப்பது தனி வித்தை. நாலைந்து மீட்டர் தள்ளி இருந்தால் போதும். அதற்கும் கிட்டே போனால் பேனரைப் பிடித்திருப்பவர்கள் நம்மைத்தான் பார்ப்பார்கள், படம் முழுக்கக் கேமராவைப் பார்க்கும் முகங்களாகிவிடும். நடைபாதை விளிம்பும் வேகத்தடையும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. கூட ஒருவர் வந்து பையின் கைப்பிடியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வழி சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது.

லென்ஸ் விஷயத்தில் 28, 35 மி.மீ. அகலக் கோண லென்ஸ்கள் இரண்டுமே வேலை செய்கின்றன. நெருக்கடியில் ஆட்டோ ஃபோகஸை நம்புவதைவிடத் தூரத்தை முன்கூட்டியே கட்டிவிடுவது மேல். முழு ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ., எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும், தெளிவாக வரும் தூரம் கூடும்), ஃபோகஸ் 2.5 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை தெளிவாக வரும். 35 மி.மீ. என்றால் 3 மீட்டரில் நிறுத்தலாம், 1.9 முதல் 7 மீட்டர் வரை கிடைக்கும். ஃபோகஸ் வளையத்தின் மேல் சின்னதாக டேப் ஒட்டிவிட்டால் தள்ளுமுள்ளில் நகராது.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இங்கே செய்யும் கூத்து ஒன்று உண்டு. பதாகையில் அச்சடித்த தலைவரின் முகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அச்சு முகம் பெரியது, நேராகப் பார்க்கிறது, ஆடாமலும் இருக்கிறது. கேமராவுக்கு அதைவிட நல்ல முகம் எங்கே கிடைக்கும்? பதாகையைத் தூக்கிப் பிடித்திருப்பவர் மங்கலாகிவிடுவார். அந்த வசதியை அணைத்துவிட்டு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷட்டர் கணக்கு: நடப்பவர்களுக்கு 1/250 நொடி போதும், ஓட்டத்துக்கும் வீச்சுக்கும் 1/1000. மற்றதெல்லாம் 1/500. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு மேல் எல்லையை 6400இல் பூட்டிவிடலாம். வெயிலில் வெள்ளைப் பதாகைகள் எரிந்துபோய் எழுத்து காணாமல் போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து வைத்து, நிழலில் இருக்கும் முகங்களை ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) தூக்கிக்கொள்வது பாதுகாப்பு. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். வேகமாக ஆட்டும் கொடிக்கம்பு வளைந்து வரும், எல்இடி விளக்கின் கீழ் வரிவரியாகப் பட்டை விழும்.

கோஷத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. ஒருவர் சொல்கிறார், கூட்டம் பதில் சொல்கிறது. கை உயர்வது பதிலில். வாய் முழுதாகத் திறப்பதும் நெடிலில்தான். கோஷம் இரண்டு சுற்று போகும்வரை கேமராவை இறக்கி வைத்துக் காதால் கேட்டுவிட்டு, மூன்றாவது சுற்றில் பதிலுக்குச் சற்று முன்பே அழுத்த ஆரம்பிக்க வேண்டும். எட்டுப் பத்து ஃபிரேம் போதும். அதில் ஒன்றில் கை உச்சியில் இருக்கும், முகத்தை மறைக்காமல் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடாமல் இருப்பார். பார்த்துப் பார்த்து அழுத்தினால் எல்லாப் படத்திலும் கை இறங்கிக்கொண்டிருக்கும். விரல் அழுத்துவதற்குள் உச்சம் முடிந்துவிடுகிறது.

பதாகையில் உள்ள வாசகத்தை நம்பி எடுக்கும் படங்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. வாசகம் நன்றாக இருந்தால் அதைத் தட்டச்சு செய்தே போட்டுவிடலாம், படம் எதற்கு? வாசகத்துக்கும் பிடித்திருப்பவர் முகத்துக்கும் ஏதாவது உரசல் இருந்தால் மட்டும் எடுக்கலாம். அப்போது எஃப் எண் 5.6க்குக் கீழே போகக்கூடாது, இல்லையென்றால் எழுத்தோ முகமோ ஒன்றுதான் தெளியும்.

உயரம் பற்றி. 1989 ஜூன் 5 அன்று பெய்ஜிங்கில் டாங்கிகளை மறித்து நின்றவரை ஜெஃப் வைடனர் ஓட்டலின் ஆறாவது மாடியிலிருந்து எடுத்தார். மேலிருந்து பார்த்ததால்தான் வரிசையாக நிற்கும் டாங்கிகளும் முன்னால் காலிச் சாலையும் ஒரு மனிதனும் பிரிந்து தெரிகிறார்கள். அதே மனிதரைத் தரை மட்டத்திலிருந்து டெரில் ஜோன்ஸ் எடுத்த படம் 2009இல்தான் வெளியானது. அதில் முன்னால் ஆட்கள் ஓடுகிறார்கள், அவர் தூரத்தில் சின்னதாக நிற்கிறார், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எதிரே நிற்பது எவ்வளவு பெரியது என்று காட்ட மேலே ஏற வேண்டும். ஒருவரின் உறுதியைக் காட்ட முட்டி போட்டு வானத்தைப் பின்னணியாக வைக்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுப்பதுதான் உருப்படாத வழி.

பின்னணி என்றால் 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்டபோது எடுத்த படம் ஞாபகத்துக்கு வரும். ஜான் ஃபைலோ எடுத்தது. மண்டியிட்டு அலறும் பெண்ணின் தலைக்குப் பின்னால் வேலிக்கம்பம் ஒன்று நேராக முளைத்து நிற்கும். பின்னாளில் சில பத்திரிகைகள் அதை அழித்து அச்சிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டன. கம்பத்தோடும் அந்தப் படம் அசைக்க முடியாதது. ஆனால் நமக்கு அந்த அளவு கணம் வாய்க்கப்போவதில்லை, ஆகவே அரை அடி இடம் தள்ளி நின்று கம்பத்தைத் தவிர்ப்பதுதான் புத்தி.

இடைவெளி விதிக்கு ஒரு விலக்கும் இருக்கிறது. 2019 ஜூன் 19 இரவு, சூடான் தலைநகர் கார்ட்டூமில் மின்சாரம் இல்லாத நேரத்தில் யசுயோஷி சிபா எடுத்த படம். கவிதை சொல்லும் இளைஞரைச் சுற்றிலும் இடமே இல்லாமல் ஆட்கள். அங்கே பிரித்துக்காட்டும் வேலையைச் செல்போன் வெளிச்சம் செய்கிறது. இரவுக் கூட்டங்களில் இதைப் பின்பற்றலாம்: ஃபிளாஷை மறந்துவிட்டு 35 மி.மீ., எஃப் 1.8, 1/125, ஐஎஸ்ஓ 3200. வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறதோ அவருக்கு எக்ஸ்போஷர், மற்றவர்கள் இருட்டில் போகட்டும். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் வசதி) ஆட்டோவில் விட்டால் மெழுகுவர்த்தியின் மஞ்சளையெல்லாம் கழுவிவிடும், 4000 கெல்வினில் பூட்டினால் நிற்கும்.

தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸை வைத்துத் தூரத்திலிருந்து எடுத்தால் ஐம்பது பேரும் ஐந்நூறு பேர் மாதிரி நெருங்கித் தெரிவார்கள். இது பொய். எடுத்தால், மேலிருந்து ஒரு பொதுப் படத்தையும் கூடவே போட வேண்டும். கோஷத்தை இன்னொரு தடவை போடச் சொல்வதும் அதே கணக்கில்தான் சேரும்.

முகம் தெரிவது யாருக்கு ஆபத்து என்று வெளியிடும் முன் யோசிக்காதவர் இதை எடுக்காமலிருப்பது நல்லது. மறைப்பதென்றால் கறுப்புக் கட்டம் வைத்து, கட்டத்தைப் பிறகு நீக்க முடியாதபடி ஒரே அடுக்காக்கிச் சேமிக்க வேண்டும். லேசான மங்கலை நம்ப முடியாது. ஜிபிஎஸ் விவரத்தைக் கேமராவிலேயே அணைத்துவிடலாம். கண்ணீர்ப்புகை வர வாய்ப்பிருந்தால் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி போதும், காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும்.

இப்போது முயன்றுகொண்டிருப்பது மெதுவான ஷட்டர். ஓடும் கூட்டத்தில் அசையாமல் நிற்கும் ஒருவர் மட்டும் தெளிவாக, மற்றவர்கள் கோடுகளாக. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் 1/200 வரும். வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்டி 16 ஃபில்டர் போட்டால் 1/12க்கு இறங்குகிறது. கேமரா ஆட்டத்தை லென்ஸ் ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்கிறது, நிற்பவரின் ஆட்டத்தை அது என்ன செய்யும்? கோஷம் போடுபவர் எவரும் 1/12க்கு நிற்பதில்லை. தடுப்பில் சாய்ந்திருப்பவர்களும் பெரிய பேனரின் கம்பை ஊன்றிப் பிடித்திருப்பவர்களும்தான் நிற்கிறார்கள். கேடயத்தோடு நிற்கும் போலீஸ்காரர் இன்னும் நன்றாக நிற்கிறார், ஆனால் அப்போது படத்தின் பொருளே தலைகீழாகிவிடுகிறது: உறுதி அவருடையதாகவும் ஓடுவது மக்களாகவும் தெரிகிறது. 1/30இல் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு என்டி 8ஐ எஃப் 10உடன் வைத்தால் கணக்கு சரியாக வரும்.