திருகோணமலையில் இருந்தபடி ஐடி வேலை: எதைப் படிப்பது?

உயர்தரம் முடித்த பிள்ளைகளும் கொழும்பு வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர்களும், வீட்டிலிருந்தே வெளிநாட்டவருக்கு இணையம் வழியாக வேலை செய்ய நினைத்தால், கேட்பது ஒரே கேள்விதான்: "பைத்தன் படிக்கவா, வேர்ட்பிரஸ் படிக்கவா?" ஒன்று கோடிங் மொழி, மற்றது இணையத்தளம் கட்டுகிற கருவி. வெளிநாட்டில் சின்னதாகக் கடை நடத்துகிற ஒருவருக்குப் பைத்தன் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அவர் அனுப்புகிற பில் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழுகிறது, அல்லது மாதக் கணக்கை ஒட்டிச் சேர்க்க இரண்டு நாள் போகிறது. அந்தத் தலையிடியைத் தீர்ப்பவருக்குத்தான் அவர் காசு கொடுப்பார். ஆகவே முதலில் எந்தத் தலையிடி என்று பிடியுங்கள். மொழியும் கருவியும் அதன் பின்னால் வரும்.

பிடிக்கிற வழி இது. ஒரு கொப்பி எடுத்து, ஒரு கிழமைக்கு அப்வேர்க்கில் (வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கிற இணையத்தளம்) வருகிற விளம்பரங்களில் ஐம்பதை வாசியுங்கள். விண்ணப்பிக்க வேண்டாம், வாசித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் எழுதுங்கள்: பிரச்சினை என்ன, எந்தக் கருவி கேட்கிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், அந்த ஆள் இதற்கு முன் யாருக்காவது காசு கொடுத்திருக்கிறாரா. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். ஐம்பதுக்கு மேல் ஆள் நிற்கிற வேலை புதியவருக்கு உதவாது. ஐந்து, பத்துப் பேர் மட்டும் நிற்கிற, திரும்பத் திரும்ப வருகிற வேலைதான் உங்களுக்குரியது. லோகோ, டேட்டா என்ட்ரி, ஒலியைக் கேட்டுத் தட்டச்சு செய்வது ஆகியவற்றை இப்போது விட்டுவிடலாம். அவற்றில் பெரும்பகுதியை ஏஐ கருவிகளே செய்கின்றன.

அடுத்ததாக, உங்கள் வீட்டு நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். வீடியோ எடிட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்த ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி வரும். உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 10 மெகாபிட்) என்றால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பவே 10 மணித்தியாலம் பிடிக்கும், 20 என்றால் 5. விளம்பரத்தில் போடுகிற வேகம் பெரும்பாலும் டவுன்லோட் வேகம். அப்லோட்டைத் தனியாக, இரவு எட்டு மணிக்கு, எல்லோரும் பாவிக்கிற நேரத்தில் அளந்து பாருங்கள். பெக்கேஜில் மாதத்துக்கு எத்தனை ஜிபி என்பதையும் பார்க்க வேண்டும்.

போனின் ஹொட்ஸ்பொட்டிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. அவற்றில் மூன்றைத்தான் நான் இங்கிருப்பவர்களுக்குச் சொல்வேன்.

முதலாவது, கூகிள் ஷீட்ஸ் என்ற கணக்குத்தாளும், அதைத் தானாக வேலை செய்ய வைக்கிற ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கோடிங்கும். வர்த்தகப் பிரிவில் படித்தவர்களுக்கு இதைப்போலப் பொருந்துவது வேறில்லை. கணக்கு ஏற்கனவே விளங்கும், கோடிங் மட்டும் சேர்த்தால் சரி. பயிற்சிக்கும் தூரம் போக வேண்டியதில்லை. உப்புவெளியில் நாலு அறை வைத்து நடத்துகிற கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சீசனில் இரண்டு புக்கிங் தளங்களிலிருந்தும் வாட்ஸ்அப்பிலும் புக்கிங் வரும், ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடும். அதைத் தடுக்கிற ஷீட்டைச் செய்யுங்கள். புதியவர் வரும் நாள் பழையவர் போகும் நாளுக்கு முந்தியதாகவும், புதியவர் போகும் நாள் பழையவர் வந்த நாளுக்குப் பிந்தியதாகவும் இருந்தால் மோதல். இரண்டும் சேர்ந்து உண்மையாக வேண்டும். இந்த இடத்தில் பலர் "சமம்" என்பதையும் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் காலையில் ஒருவர் வெளிக்கிட, மத்தியானம் இன்னொருவர் வருகிற சாதாரண நாளையும் மோதல் என்று காட்டும். உரிமையாளருக்கு ஒரு இரவு வாடகை நட்டம்.

இன்னொரு பிழை வேகத்தில் வரும். ஒவ்வொரு வரியாக ஷீட்டை வாசித்து, ஒவ்வொரு கட்டமாக எழுதுகிற லூப் (திரும்பத் திரும்ப ஓடுகிற கோட்) ஐம்பது வரிக்கு ஓடும். ஐயாயிரம் வரி வந்ததும் பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் கூகிளின் சேர்வருக்குப் போய் வருவதுதான் காரணம். சாதாரணக் கணக்கில் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் அனுமதி. முழுத் தரவையும் ஒரே தடவையில் எடுத்து, உள்ளே கணக்குப் பார்த்து, ஒரே தடவையில் திருப்பி எழுதினால் சில செக்கன்களில் முடியும். நேர வலயத்தையும் மறக்க வேண்டாம். ஸ்கிரிப்டின் நேரம் கொழும்பில் இருந்தால் லண்டன்காரரின் காலை ஏழு மணி அறிக்கை அவருக்கு இரவு ஒன்றரைக்கே, கோடையில் இரண்டரைக்கே போய்விடும். 03/04 என்ற திகதி பிரித்தானியருக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச் என்பதையும் ஷீட்டின் அமைப்பில் முதலே சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, மின்னஞ்சல் போய்ச் சேரச் செய்கிற வேலை. 2024 பெப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப் (அந்தப் பெயரில் அனுப்ப யாருக்கு அனுமதி என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் போடுகிற டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகிள் கட்டாயமாக்கியது. யாகூவும் அதே காலத்தில் இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. சின்ன நிறுவனங்கள் பலவற்றுக்கு இவை என்னவென்றே தெரியாது. டொமைனின் (நிறுவனத்தின் இணையப் பெயர்) டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்தப் பெயருக்குரிய அமைப்புகள் இருக்கிற இடத்தில், சில வரிகள் போடுகிற வேலைதான், ஆனால் பிழை விடவும் இடம் நிறைய. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே இருக்கலாம். நியூஸ்லெட்டர் சேவை ஒன்றைப் புதிதாகச் சேர்க்கும்போது இரண்டாவது வரியைப் போட்டுவிடுவார்கள், அதோடு இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக இணைக்க வேண்டும். அந்த வரிக்குள் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக்கூடாது. டிமார்க்கை எடுத்த எடுப்பில் "நிராகரி" நிலையில் வைக்காதீர்கள். கணக்கு மென்பொருள் அனுப்புகிற பில்கள் ஒன்றும் போய்ச் சேராமல் போகலாம். முதலில் கண்காணிப்பு மட்டும், சில கிழமை அறிக்கை வாசித்து, யார் யார் அந்தப் பெயரில் அனுப்புகிறார்கள் என்று விளங்கிய பிறகு இறுக்குங்கள். சொந்தமாக மலிவான ஒரு டொமைன் வாங்கி, இவை எல்லாவற்றையும் அதில் வேண்டுமென்றே பிழையாகச் செய்து பாருங்கள். அந்தப் பயிற்சிக்கு ஈடான பாடநெறி இல்லை.

மூன்றாவது, கோடிங் அவ்வளவாக வராதவர்களுக்கும் உகந்தது. பார்வையற்றோரும் கை நடுக்கம் உள்ளவர்களும் ஒரு இணையத்தளத்தைப் பாவிக்க முடிகிறதா என்று சோதிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே நுகர்வோருக்கு விற்கிற இணையக் கடைகளையும் அது தொடும். திரையிலுள்ளதைக் குரலில் வாசிக்கிற என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, கீபோர்டால் மட்டும், டேப் கீயால் நகர்ந்து, ஒரு பொருளை வாங்கி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு (கொன்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் உண்டா, படத்துக்கு விளக்கம் உண்டா? கண்டதைத் தெளிவான ஆங்கிலத்தில், ஸ்கிரீன்ஷொட்டோடு, எப்படித் திருத்துவது என்றும் சேர்த்து எழுதத் தெரிந்தால் போதும். பொறுமையுள்ளவர்கள் இதில் நிற்பார்கள்.

ஒன்றை மட்டும் தெரிவு செய்து 12 கிழமை, நாளுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். முதல் நாலு கிழமை அடிப்படை, மிச்சம் முழுக்க மாதிரி வேலைகள். மூன்று மாதிரி போதும். ஒவ்வொன்றுக்கும் முன்னர் எப்படி இருந்தது, பின்னர் எப்படி ஆனது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். சான்றிதழை விட அந்தப் பக்கத்தைத்தான் வேலை தருகிறவர் திறந்து பார்ப்பார். ஏஐயிடம் கோட் எழுதுவிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன "சமம்" போன்ற பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் அந்தக் கோட் உங்கள் பெயரைத்தான் கெடுக்கும்.

விலை சொல்லும்போது கழிவுகளை முதலே கணக்கில் எடுங்கள். ஃபைவரில் (அப்வேர்க் போன்ற இன்னொரு தளம்) 20 சதவீதம் போகும்: 50 டொலருக்கு விற்றால் கைக்கு 40, அதிலும் வங்கிக்கு எடுக்கிற கட்டணம் கழியும். பணம் உடனே வராது; சாதாரண விற்பனையாளருக்கு வேலை முடிந்து 14 நாள் காத்திருக்க வேண்டும். எத்தனை தடவை திருத்திக் கொடுப்பீர்கள் என்பதையும் எதைச் செய்யமாட்டீர்கள் என்பதையும் தொடங்குமுன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறவர், டெலிகிராமில் "டாஸ்க்" தருகிறவர், உங்கள் அப்வேர்க் கணக்கை வாடகைக்குக் கேட்கிறவர், இந்த மூவருக்கும் பதிலே போட வேண்டாம். வருமானத்தை வங்கி வழியாகவே எடுங்கள். 2025 ஏப்ரல் முதல் இப்படி வருகிற வெளிநாட்டு வருமானத்துக்கு வரி அதிகபட்சம் 15 சதவீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. வரி இலக்கம் எடுத்து வைத்தால் பின்னால் அலைச்சல் இல்லை.

லண்டன் காலை ஒன்பது நமக்கு மத்தியானம் இரண்டரை, அவர்களின் கோடையில் ஒன்றரை. வீட்டு வேலை முடித்துவிட்டு இருக்க முடிகிற நேரம். நியூயோர்க் என்றால் இரவு ஏழரையில்தான், கோடையில் ஆறரையில், நாள் தொடங்கும். மாரியில் கரண்ட் போனாலும் அந்த நேரத்தில் இணைப்பு நிற்கக்கூடாது, அதற்கு ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டியில் 10,400 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் பற்றரிக்கு. கணக்குப் பார்த்தால் 38 வாட் மணி, இழப்புப் போக 32 மட்டில். ரூட்டர் 12 வாட் இழுத்தால் இரண்டரை மணித்தியாலம் தாங்கும். வாங்குமுன் ரூட்டரின் அடப்டரைத் திருப்பி, அதில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை அம்பியர் என்று வாசித்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.