சூடாகும் மடிக்கணினி

கோடை தொடங்கியதும் என் மடிக்கணினி வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறி, விசிறி ஓயாமல் இரைந்துகொண்டிருந்ததால், பின்மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தேன். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையில் தூசி பஞ்சுப் படலமாகத் திரண்டு, காற்று வெளியேறும் வழியையே அடைத்திருந்தது. செப்புக் குழாய், கணினியின் மூளையான ப்ராசசரின் வெப்பத்தைத் தகடுகள் வரை கொண்டு சேர்த்தாலும், காற்றோட்டம் இல்லையென்றால் அது அங்கேயே தேங்கிவிடும். வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, பெரும்பாலான ப்ராசசர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கணினி மந்தமானதும் ரேம் போதவில்லை என்று எண்ணிப் பணம் செலவழிக்க நினைப்பவர்கள், முதலில் இதைக் கவனிக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

கணினியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினேன். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால், விசிறியின் இறக்கைகளைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்வது அவசியம். கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் பழுதாகலாம். ப்ராசசர்மேல் வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்து வெடித்திருந்ததால், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சிறு துளி வைத்தேன்.

மெத்தைமீது வைத்து வேலை செய்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பல மாடல்கள் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும், சார்ஜ் போடாமல், நீங்களாகக் கழற்ற முயலாமல், உடனே சர்வீஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.