டென்வரில் ஒரு கிடங்கு, ஒரு கோப்பை பீர்

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் ரயில் ஏறினால் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, யூனியன் ஸ்டேஷன் வந்துவிடுகிறது. ஹோட்டலுக்குப் போன் செய்தேன். 3 மணிக்குத்தான் அறை கிடைக்குமாம். அப்போது மணி 12. சரி, பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். 18-வது தெரு முனையில் பெரிய செங்கல் கட்டடம், கீழே பப். நான் தாண்டிய தெருவின் பெயரே கடைக்கும்: வைன்கூப். பெயரில்தான் வைன், உள்ளே காய்ச்சுவது பீர்.

நுழைந்ததும் கண்ணில் படுபவை மரத் தூண்கள். சதுரமான, தடித்த தூண்கள். நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துத் தூணில் நெடுக ஒரு விரிசல். விரலை வைத்தால் நகம் முழுக்க உள்ளே போகிறது. மேலே பூவேலை அச்சடித்த தகரக் கூரை. கீழே மரப்பலகைத் தரை. பலகைக்குப் பலகை என் பெட்டிச் சக்கரம் டக் டக்கென்று அடிக்க, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

1899-இல் ஜே.எஸ். பிரவுன் என்ற மொத்த வியாபாரக் கம்பெனிக்காகக் கட்டியது. எதிரே ரயில் நிலையம் என்றால் சரக்கு வந்து இறங்க வசதிதானே! மூட்டை அடுக்கத் தோதாகக் கட்டிய இடத்தில் இன்று பீர்த் தொட்டிகள் நிற்கின்றன. அழகுக்கு வைத்தது என்று நான் ரசித்த தூண்கள் எல்லாம் சுமைக்காக நட்டவை.

பப் வந்த கதை இன்னும் சுவாரசியம். 1986-இல் எண்ணெய்த் தொழில் படுத்து, ஜான் ஹிக்கன்லூப்பர் என்ற ஜியாலஜிஸ்ட்டுக்கு வேலை போனது. கூட்டாளிகளோடு பீர் காய்ச்சும் பப் ஒன்று தொடங்க நினைத்தார். பணம் கேட்டு அலைந்தபோது சொந்த அம்மாகூடப் போடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் வாடகை மலிவு: சதுர அடிக்கு வருஷத்துக்கு 1 டாலர். லோடோ என்று இன்று செல்லமாக அழைக்கப்படும் லோயர் டவுன்டவுன் அப்போது ஆள் அண்டாத பகுதி. 1988-இல் கடை திறந்தது. கொலராடோ மாநிலத்திலேயே முதல் ப்ரூபப் அதுதான். அவர் பிறகு 2003-இல் நகர மேயர், அப்புறம் கவர்னர், இப்போது செனட்டர்.

இந்தப் பப்தான் லோடோவையே தூக்கி நிறுத்தியது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 60, 70-களில் நகர மையத்தின் பழைய கட்டடங்களைத் தெருத் தெருவாக இடித்துத் தள்ளியவர்கள், இங்கே மிச்சமிருந்ததை இடிக்க விடாமல் பாரம்பரியப் பகுதியாக அறிவித்ததும் அதே 1988-இல்தான். 1995-இல் நடந்துபோகும் தூரத்தில் கூர்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானமும் வந்தது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.

இங்கே காளையின் விரையைப் போட்டு ஒரு ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர், காய்ச்சியிருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 1 அன்று முட்டாள் தின வேடிக்கையாக வீடியோ போட்டார்கள். ஆட்கள் நிஜமாகவே கேட்க, நிஜமாகவே காய்ச்சிவிட்டார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ரெயில்யார்டு ஏல் என்ற பீர் ஒன்று சொன்னேன். செம்பழுப்பு நிறம், லேசான கசப்பு, பின்னால் வறுத்த தானிய வாசனை.

பரிமாறிய பெண் கேட்காமலேயே தண்ணீரும் வைத்தாள். "ஊருக்குப் புதுசா? முதல்ல இதைக் குடிங்க." கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி, சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊர். காற்று மெலிந்து வறண்டிருக்கும், தண்ணீர் அதிகம் வேண்டும். அவள் பேச்சை நான் கேட்கவில்லை, பீரைத்தான் முதலில் முடித்தேன். மாடியில் பில்லியர்ட்ஸ் மேசைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் படியேறினேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டு, இறங்கி வந்து அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.