ஐசியுவுக்கு வந்தும் பூட்டிக் கிடந்த ஸ்கேன் மெஷின்

எங்கள் குழந்தைகள் ஐசியுவுக்குக் கையடக்க ஸ்கேன் மெஷின் வந்த சந்தோஷம் நிலைக்கவில்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுச் சான்றில் ஏறாத மெஷினைத் தொடக்கூடாது. நாங்கள் பார்க்கப்போவது ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் குறைந்து கிடக்கும் பிள்ளைகளின் இதயத்தை என்றாலும் விதி விதிதான். அதில் எனக்குக் குறையில்லை. எல்லாப் பேப்பரையும் ஒரே தடவையில் சொல்லாமல், போகும்போதெல்லாம் புதிதாக ஒன்றைக் கேட்ட கிளார்க்கை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கடைசியில் இன்வாய்ஸில் உள்ள சீரியல் நம்பரும் மெஷினின் பின்பக்கத்தில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்று ஃபைலே திரும்பி வந்தது. மெஷினை இறக்கும்போதே, கம்பெனி ஆள் கிளம்புவதற்குள், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலமெல்லாம் டெங்கு சீசன். மெஷின் பீரோவில்; நாங்கள் கை தொட்டுப் பார்த்துச் சலைன் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

சான்று வந்த கையோடு ஒரு பெண் குழந்தை வந்தாள். டெங்கு. வெளியிலேயே நிறைய சலைன் ஏறியிருந்தது. கைகால் சில்லென்று இருந்தது, நாடி நூலாக ஓடியது, ஈரல் வீங்கியிருந்தது. இன்னொரு போலஸ், அதாவது ஒரே மூச்சில் வேகமாக ஏற்றும் சலைன், கொடுப்பதா, நிறுத்துவதா? 2011இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த பிள்ளைகளில் போலஸ் கொடுத்தவர்களிடையேதான் சாவு அதிகம். அது டெங்குவுக்கென்று நடந்த ஆய்வு இல்லைதான். ஆனாலும் அது மனதை விட்டுப் போகாது. நெஞ்செலும்புக்குக் கீழே ப்ரோப்பை, மெஷினின் கைப்பிடிக் கருவியை, வைத்தேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை நிரம்பித் தடித்து நின்றது, மூச்சுக்கு அசையவே இல்லை. உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் இடது வென்ட்ரிக்கிள் சோர்வாகத்தான் சுருங்கியது. நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டும் பி-லைன்கள் வரிசையாக இறங்கின. போலஸை நிறுத்தி, இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தை ஆரம்பித்தோம். விடிவதற்குள் உள்ளங்கால் சூடாகி, சிறுநீரும் போனது. அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர் யூரின் பையைத் தூக்கிக் காட்டினார்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: ப்ரோப்பை அழுத்தாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சிரை நசுங்கி, ரத்தமே இல்லாததுபோலத் தெரியும். வயிறு உப்பியிருந்தாலும் வென்டிலேட்டரில் இருந்தாலும் சிரையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்; இதயம், நுரையீரல், கை தொட்ட சூடு எல்லாம் சேர்ந்துதான் பதில். ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கி வையுங்கள், குளிர்ந்த ஜெல் பட்டு அழும் பிள்ளையிடம் ஒன்றும் பார்க்க முடியாது. மெஷினைப் பதிவு செய்த வளாகத்துக்கு வெளியே எடுத்துப் போகவே கூடாது, அவசரம் என்று பக்கத்து ஆஸ்பத்திரி கேட்டாலும். சான்று 5 வருடத்துக்குத்தான். முடிவதற்கு 30 நாள் முன்பே புதுப்பிக்க எழுதிப்போட வேண்டும். அந்தத் தேதியை மெஷின் மேலேயே ஒட்டி வைத்துவிட்டோம்.